அடைக்கலம் புகுந்தோரும் நம் பாடசாலைகளும்

அடைக்கலம் என்னும் சொல் தமிழில் மிகப் பழமை வாய்ந்தது. சிலப்பதிகாரத்திலே ஒரு காதைக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். மதுரை மூதூரின் புறத்தே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைச்சியிடம் ஒப்புவித்த செய்தியைக் கூறுவது அது. தன்னை நம்பி ஒப்புவிக்கப்பட்டாளைக் காக்க இயலாது போயிற்றே என்று அம்மாதரி பின்னர் எரியிற் புகுந்து மாண்டாள் என்றும் அக்காப்பியம் கூறும். யாம் பிறந்து வளர்ந்த ஆவுடையார்கோவில், திருப்பெருந்துறை என்னும் பழம்பெயர் உடையது. திருவாசகத்துள் அடைக்கலப்பத்து இத்தலத்திற் பாடப்பெற்றதென்பது மரபு. விவிலியத்தைத் தமிழாக்கியோரும், அறியாது கொலை செய்து பழிக்கஞ்சி ஓடிவந்தோர்க்கெனப் பழைய ஏற்பாட்டில் ஒதுக்கப்பட்ட ஆறு நகரங்களை அடைக்கலப் பட்டணங்கள் என்றே வழங்கினர். சமயங்கள் வேறாயினும் சொல் ஒன்றே. அச்சொல், வந்தவனது தேவையையும் ஏற்றவனது கடமையையும் ஒருங்கே குறித்து நிற்கின்றது.

இத்தகைய சொல்லை உடைய நாம், இன்று நம்மிடையே புகலடைந்து வாழ்வோரை வேறு சொற்களாலேயே அழைக்கின்றோம். அகதி என்பது வடமொழிவழி வந்தது; கதியற்றவன் என்பது அதன் பொருள். ஏதிலி என்பது தனித்தமிழ்ச்சொல்லாகப் பிற்காலத்தார் வழக்கிற்குக் கொணர்ந்தது. அதன் அடியாகிய ஏதில் என்பதோ அயல் என்னும் பொருட்டு. எனவே அகதி என்னும்போது அவனது துன்பத்தை மட்டும் கூறுகின்றோம். ஏதிலி என்னும்போது அவன் நம்மவன் அல்லன் என்பதை மட்டும் கூறுகின்றோம். நமக்கு அவன்பால் உள்ள கடமை இவ்விரு சொற்களிலும் இல்லை. இச்சொற்கள் பாடசாலைக்குள் நுழைந்து ஒரு சிறுவனுக்குப் பட்டப்பெயராய் அமையும்போது விளையும் தீங்கு பெரிது. ஆதலின் இவ்விலக்கணத்தோடு நில்லாது, அகதி என்பவன் சட்டத்தின்முன் யாவன், அவன் மகவு நம் பாடசாலைக்கு வருங்கால் நாம் செய்யத்தக்கது யாது என்னும் இரண்டினையும் ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் உலக வழக்கினை நோக்குவோம். முதல் உலகப்போரின் பின் நாடிழந்து அலைந்த மக்களின் பொருட்டுச் சர்வதேச சங்கமானது 1921-ஆம் ஆண்டில் நார்வே தேசத்துப் பெரியாராகிய பிரிட்ஜாப் நான்சென் என்பாரை உயர் ஆணையராக நியமித்தது. எந்நாட்டுச் சர்க்காரும் பத்திரம் அளிக்க முன்வராத மக்களுக்கு 1922 முதல் அவர் பெயரால் வழங்கப்பட்ட பயணப் பத்திரம் பல்லாயிரவர்க்குப் புதுவாழ்வளித்தது. இரண்டாம் உலகப்போரின் பின், 1948 டிசம்பர் 10-ஆந் தேதி ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், கொடுமைக்கஞ்சிப் பிற நாடுகளிற் புகலிடம் நாடும் உரிமை யாவர்க்கும் உண்டென்று கூறிற்று. 1951 ஜூலை 28-இல் ஜினீவா நகரில் அகதிகள் உடன்படிக்கை நிறைவேறிற்று.

அவ்வுடன்படிக்கையின்படி அகதியாவான் யாவன்? இனம், சமயம், தேசியம், ஏதேனும் ஒரு சமூகப் பிரிவைச் சார்ந்திருத்தல், அரசியற் கருத்து என்னும் இவ்வைந்தனுள் ஒன்றன் காரணமாகத் தான் துன்புறுத்தப்படுவான் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சித் தன் நாட்டினின்று நீங்கி, அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவனும் அச்சத்தாற் பெற விரும்பாதவனும் ஆவான். முதலில் இவ்விலக்கணம் 1951 ஜனவரி முதல் நாளுக்கு முன் நிகழ்ந்தவற்றிற்கே பொருந்துவதாய் இருந்தது. 1967-ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கை அவ்வெல்லையை நீக்கிற்று. இவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி 33-ஆம் விதியாகும். உயிருக்கோ சுதந்திரத்திற்கோ ஆபத்து விளையும் இடத்திற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அது. 22-ஆம் விதியோ நம் ஆராய்ச்சிக்கு இன்னும் நெருங்கியது: தொடக்கக் கல்வியில் அகதிகளைத் தன் குடிமக்களைப்போலவே நடத்துதல் வேண்டும் என்கின்றது.

அகதி என்பதற்கும் அடைக்கலம் கோருவோன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் அறிதல் நன்று. தனக்குப் புகல் வேண்டுமென்று விண்ணப்பித்து முடிவு தெரியாதிருப்பவன் அடைக்கலம் கோருவோன். அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டவன் அகதி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றுமொரு பாகுபாடு காணப்படுகின்றது. அந்நாட்டிற்கு வெளியே இருக்கும்போதே தெரிந்தெடுக்கப்பட்டு வருபவனுக்கு ஒரு பெயரும், எவ்வாறேனும் எல்லையை அடைந்தபின் விண்ணப்பித்து அடைக்கலம் பெறுபவனுக்கு வேறொரு பெயரும் அங்கே உள. இருவர்க்கும் அஞ்சிய காரணம் ஒன்றே. வந்த வழியே வேறு. பெயர் எதுவாயினும் பிள்ளை பாடசாலைக்கு வருதலை அது தடுப்பதில்லை. முறையான அநுமதியின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளையுங்கூடப் பொதுப் பாடசாலைகள் விலக்கலாகாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல், டெக்சாஸ் மாகாணத்தினின்று வந்த வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். இந்தியா 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையிற் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை. வெளிநாட்டினின்று வந்தோர் அனைவரும், அஞ்சி வந்தோராயினும் வாணிகத்திற்கு வந்தோராயினும், சட்டத்தின் கண்ணுக்கு அயல்நாட்டவரே. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் நெடுங்காலம் இதனை ஆண்டுவந்தது. 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. 2015 ஜனவரி 9 வரை இங்கே புகலடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டின்றித் தங்கியமைக்காகத் தண்டிக்கப்படாதவாறு அவர்க்கு விலக்களிக்கப்பட்டிருக்கின்றது. இது ஆறுதலே, எனினும் குடியுரிமை ஆகாது. தனிச்சட்டம் இன்மையின், திபெத்தியர்க்கு ஒரு முறையும், இலங்கைத் தமிழர்க்கு வேறொரு முறையும், ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அலுவலகத்திற் பதிவுபெறும் பிற நாட்டார்க்கு மற்றொரு முறையுமாக, சர்க்காரின் ஆணைகளே அவ்வப்போது அவர்தம் வாழ்வை வகுத்துவருகின்றன. திபெத்தியச் சிறுவர்களுக்கென 1961-ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார் தனிப் பாடசாலை நிருவாகம் ஒன்றை ஏற்படுத்தியதை ஈண்டு நினைவுகூரலாம்.

தமிழராகிய நமக்கு அகதி என்றவுடன் முதலில் நினைவிற்கு வருவோர் இலங்கைத் தமிழரே. அவர் நாடு நீங்கிய வரலாற்றில் கல்விக்கும் பெரும்பங்கு உண்டு. 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில், தரப்படுத்தல் என்னும் முறையினால், சர்வகலாசாலையில் இடம்பெறத் தமிழில் பரீட்சை எழுதுவோர் பிறரைவிட மிகுந்த புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. கற்றுத் தேறியும் கலாசாலையின் வாயில் அடைபட்டுக் கிடந்தமை இளைஞர் உள்ளத்தில் ஆறாப்புண்ணை உண்டாக்கிற்று. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் சுமார் 97,000 நூல்களோடு எரியுண்டது. 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடிய வன்முறையின் பின்னர் மக்கள் படகுகளில் ஏறி இக்கரை சேரலாயினர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆயினும் அதனைக் கடக்கையில் மாண்டோர் பலர்.

அன்று தொடங்கி, 2009 மே மாதத்தில் போர் முடிவெய்தியதை அடுத்தும் ஓரிரண்டாண்டு வரை, நான்கு அலைகளாக அவர்கள் வந்தனர். 2022-இல் இலங்கையில் நேர்ந்த பொருளாதார நெருக்கடியினால் மேலும் சிலர் தனுஷ்கோடிக் கரை சேர்ந்தனர். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் கூறிய கணக்கின்படி, 1983 முதல் வந்தோர் தொகை 3,04,269. பலர் மீண்டனர்; பலர் வேறு தேசங்களுக்குச் சென்றனர். அவ்வாண்டில் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அறந்தாங்கியை அடுத்த அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் உள. எம் வட்டத்தைச் சேர்ந்த மீமிசல் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு எதிரே விரிந்து கிடப்பது இம்மக்கள் கடந்துவந்த பாக்கு நீரிணையே.

இவருள் ஒரு சாராரின் வரலாறு இன்னும் இரங்கத்தக்கது. சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முன்னும் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டினின்று சென்ற கூலிமக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அம்மக்களுட் பலர் அக்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கிச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்நாட்டிற்கும் உரியரல்லர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு ஏற்கப்படாது அங்கேயே இருந்து, பின்னர்க் கலகத்துக்கஞ்சிப் படகேறி வந்தோர், தம் பாட்டனார் புறப்பட்டுச் சென்ற அதே மண்டபத்தில் அகதிகளாக இறங்கினர். முன்னோரின் மண்ணுக்குத் திரும்பியும் அயல்நாட்டவர் என்னும் பெயரே அவர்க்கு வாய்த்தது.

இவ்விடத்தில் மாணாக்கர் பலர்க்கும் எழும் ஐயம் ஒன்றுண்டு: இங்கேயே பிறந்த பிள்ளை இந்நாட்டுக் குடிமகன் ஆகானோ என்பது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதற்கு விடை கூறும். 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் யாவராயினும், பொதுவாகப் பிறப்பினாலேயே குடிமக்கள் ஆவர். அந்நாள் தொடங்கி 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதற் பிறந்தவர்க்கோ, இருவரும் குடிமக்களாதல் வேண்டும். அன்றி ஒருவர் குடிமகனாயின் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாடுகளினின்று வந்த சில சமயத்தார்க்கே வழிசெய்தது. இலங்கை அதனுள் இல்லை.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 2010-ஆம் ஆண்டில் அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் பிறந்தன என்று கொள்வோம். ஒன்று எம்மூர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை; மற்றது முகாமில் வாழும் பெற்றோரின் பிள்ளை. இருவரும் ஒரே பாடசாலையிற் பயில்கின்றனர். ஒரே புத்தகத்தைப் படிக்கின்றனர். தேசிய கீதத்தை ஒருங்கே பாடுகின்றனர். இரண்டாம் பிள்ளை இலங்கையை ஒருநாளும் கண்டதில்லை. அவன் தாய்தந்தையருங்கூட முகாமிற் பிறந்தவராய் இருத்தல் கூடும். ஆயினும் முன்னவன் குடிமகன், பின்னவன் அயல்நாட்டவன். பாடசாலையில் இவ்வேற்றுமை சிறிதாகவே தோன்றும். பதினெட்டு வயதில் முன்னவன் வாக்காளர் பட்டியலிற் சேர்கின்றான், சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கின்றான், கடவுச்சீட்டுப் பெறுகின்றான். பின்னவனுக்கு இவையெல்லாம் அடைத்த கதவுகள். இதனை அவன் பதினான்கு, பதினைந்து வயதிலேயே உணரத் தொடங்குகின்றான். படித்து ஆவதென்ன என்னும் வினா அவன் நெஞ்சிற் புகுகின்றது. அவ்வினாவிற்கு விடை கிடையாதபோது அவன் புத்தகத்தை மூடிவைத்து வர்ணம் பூசும் கூலிவேலைக்குச் செல்கின்றான். ஒரு நல்ல மாணாக்கனை நாம் இழப்பது பெரும்பாலும் இவ்வாறே.

குடியுரிமை அளிப்பது பாடசாலையின் கையில் இல்லை. கல்வி அளிப்பதோ அதன் கையிலேயே உள்ளது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நம் சட்டமே ஒப்புகின்றது. அரசியலமைப்பின் 21-ஆம் விதி, உயிருக்கும் சுதந்திரத்திற்கும் அளிக்கும் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டுமென்று வரையறுக்கவில்லை. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்திற்று. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை என்று கூறுகின்றதேயன்றி, குடிமகனாகிய பிள்ளை என்று கூறவில்லை. பிறப்புச் சான்று இல்லையென்றோ, முன்பயின்ற பாடசாலையின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்றென்றோ சேர்க்கையை மறுக்கலாகாதென்றும், இடையே படிப்பு நின்றுபோன பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துத் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டுமென்றும் அச்சட்டம் விதிக்கின்றது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. அதன் 22-ஆம் விதி அகதிப் பிள்ளைகளைக் குறித்தே எழுந்தது.

மிஷன் பாடசாலைகளோடு தொடர்புடைய நாம் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையோர் நடத்தும் பாடசாலைகளைக் கட்டாயக் கல்விச் சட்டம் கட்டுப்படுத்தாதென்று தீர்த்தது. 2025-இல் அந்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பியுள்ளது. முடிவு யாதாயினும் ஆகுக. சட்டம் நம்மைக் கட்டாதவிடத்துத்தான் நம் அறம் சோதிக்கப்படுகின்றது. ஆண்டவராகிய இயேசுவே மழலைப் பருவத்தில் ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்து தேசத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டவர் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் பிரசங்கம் கேட்கின்ற நாம், சான்றிதழ் இல்லையென்று ஒரு பிள்ளையை வாயிலில் நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

இப்பணி இதற்குமுன் நடந்தே வந்திருக்கின்றது. 1984-இல் எஸ். சி. சந்திரஹாசன் அவர்கள் முன்னின்று தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளைக் கொண்டே அகதிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிற்று. உபாத்தியாயர் வெளியிலிருந்து வரும்வரை காத்திராமல், படித்த இளைஞர் முகாமிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். இயேசு சபையாரின் அகதிகள் பணி 1990 முதல் தமிழ்நாட்டு முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்திவந்துள்ளது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 1980-களில் தொழிற்கல்லூரிகளில் சில இடங்களை இவர்க்கென ஒதுக்கியது. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தியவர்கள் படுகொலையுண்ட பின்னர் அவை நிறுத்தப்பட்டன. எவரோ செய்த கொலையின் பழி, அதனோடு யாதொரு தொடர்புமில்லாத மாணாக்கர் தலையில் விழுந்தது. 1996-க்குப் பின்னரே கதவுகள் மீண்டும் சிறிது சிறிதாகத் திறந்தன. 2021-இல் அறிவித்த திட்டத்தில் 7,469 புதிய வீடுகளோடு, பொறியியற் கல்லூரிகளிற் சேரும் முதல் 50 மாணாக்கர்க்கும் வேளாண்மைக் கல்வியில் முதல் ஐவர்க்கும் கட்டணங்களைச் சர்க்காரே ஏற்பதும், ஏனைய கல்லூரி மாணாக்கர்க்கு உதவித்தொகையை உயர்த்துவதும் இடம்பெற்றன. அகதிகள் முகாம் என்னும் பெயரும் அம்மாதத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாறிற்று.

பெயரைச் சர்க்கார் மாற்றிவிட்டது. பாடசாலையின் நாவில் அது மாறிற்றா? இங்கேதான் நம் வேலை தொடங்குகின்றது. செய்யத்தக்கவற்றைச் சில வகையாகக் கூறுவோம்.

முதலாவது, பாடசாலை அலுவலகம். முகாமில் வழங்கிய அடையாள அட்டையும் முகாமின் பொறுப்பதிகாரியின் கடிதமும் உள்ள பிள்ளையைப் பல முறை அலையவைத்தல் வேண்டாம். எந்தச் சான்று தேவை, எது தேவையில்லை என்பதை எழுத்தருக்குத் தலைமையாசிரியரே தெளிவுபடுத்திவைத்தல் நலம். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், முகாம் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பறையிற் கூவுதல் தகாது. ஒரு துண்டுத்தாளிற் பெயரெழுதி அழைத்தால் அக்காரியம் நடக்கும்.

இரண்டாவது, உபாத்தியாயர். முகாமில் அதிகாரிகள் தலை எண்ணும் நாள்களில் குடும்பத்தார் அங்கே இருந்தாக வேண்டும். அந்நாளிற் பிள்ளை வாராதிருப்பின் சோம்பல் என்று கொள்ளலாகாது. முகாமின் பழைய வீடுகள் பல, பத்தடிக்குப் பத்தடி உடைய ஒற்றை அறைகள். சமையலும் உறக்கமும் விருந்தும் நோயும் அவ்வறைக்குள்ளேயே. வீட்டுப்பாடம் செய்யாது வந்த பிள்ளையைத் தண்டிக்குமுன், எங்கே அமர்ந்து எழுதுவாய் என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். பாடசாலையில் ஓர் அறையை மாலையில் ஒரு மணிநேரம் விளக்கேற்றித் திறந்துவைத்தல், ஆயிரம் அறிவுரையினும் மேலான உதவியாம். போரின் கதையைச் சொல் என்று பிள்ளையை வற்புறுத்துதலும் கூடாது. தானே சொல்ல வரின் பொறுமையாகக் கேட்டல் போதும்.

மூன்றாவது, மொழி. நாம் எல்லோரும் தமிழரே, ஆதலின் மொழியில் இடரில்லை என்று எண்ணுதல் இயல்பு. முகாமிற் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் நம்மூர்ப் பேச்சையே பேசுகின்றனர். ஆயினும் வீட்டில் முதியோர் வாய்ச்சொல் அவர் நாவில் தங்கிவிடுதலும் உண்டு. ஆம் என்பதற்கு ஓம் என்றோ, பேசுதலைக் கதைத்தல் என்றோ, அழகை வடிவு என்றோ, விரைவாக என்பதைக் கெதியாக என்றோ ஒரு பிள்ளை கூறின், வகுப்பில் நகை எழுகின்றது. நகைத்த அன்றே அப்பிள்ளை வாய்திறந்து விடை கூறுதலை விட்டுவிடுகின்றான். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய யாம் இதைப்பற்றி ஒன்று கூறும் உரிமை உடையேம். 1832-இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டை மிஷன் கலாசாலையிற் பயின்று, 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய இருவருள் ஒருவராய்த் தேறியவர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள். கலித்தொகையை 1887-இல் அச்சேற்றித் தந்தவர் அவரே. அவர் பின்னர் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலேயே நீதிபதியாயும் விளங்கினார். கடல் கடந்து வந்த அவ்வறிஞரின் பதிப்பைக் கொண்டு தமிழ் கற்கும் நாம், கடல் கடந்து வந்தோரின் பேரப்பிள்ளை பேசும் தமிழைக் கேட்டு நகைப்பது நம் கல்விக்கே இழுக்கு.

நான்காவது, பத்தாம் வகுப்பிற்குப் பின் வழிகாட்டுதல். எப்படிப்பிற்குக் குடியுரிமை கேட்கப்படும், எதற்குக் கேட்கப்படாது, எந்த உதவித்தொகைக்கு எந்நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பவற்றை அறிந்து கூறும் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும். மெய்யை மறைத்து ஆசை காட்டுதலும் தீது. எல்லாம் அடைபட்டது என்று கூறி மனத்தை முறித்தலும் தீது. கலாசாலைகளும், வெளிநாட்டு மாணாக்கர் என்னும் கட்டத்துள் இவர்களை உடனே அடைத்துவிடாது, சர்க்காரின் விதி என்ன கூறுகின்றது என்பதை விசாரித்தறிந்து சேர்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, பழைய மாணாக்கர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணாக்கருட் பலர் தொழிற்சாலையும் வாணிகமும் மருத்துவமனையும் பாடசாலையும் நடத்துவோர். சர்க்கார் உத்தியோகம் அடைபட்ட இளைஞனுக்குத் தனியார் தரும் வேலையே கதி. பட்டம் பெற்ற முகாம் இளைஞன் ஒருவனுக்குத் தகுந்த வேலை கிடைத்த செய்தி, அம்முகாமிற் படிக்கும் நூறு பிள்ளைகளுக்கு, படித்து ஆவதென்ன என்னும் வினாவிற்கு விடையாகும். எத்தனை பரிசுப் புத்தகங்கள் வழங்கினும் அவ்விடையை அளித்தல் இயலாது.

நம் பிள்ளைகளுக்கே இடமும் பணமும் போதாதபோது பிறர் பிள்ளைக்கு எங்கே போவது என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா இகழத்தக்கதன்று, எம் வட்டத்துக் குடியானவர் வறுமையை யாம் அறிவேம். எனினும் மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பணமே வேண்டுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தற்கும், நகையாதிருத்தற்கும், ஓர் அறையைத் திறந்துவைத்தற்கும் என்ன செலவு? மாலையில் திறந்த அறையில் முகாம் பிள்ளையோடு குடியானவர் பிள்ளையும் அமர்ந்து படிப்பான். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வீடிழந்து அலைவோர் தொகை 12 கோடியே 32 இலட்சம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் அலுவலகம் கணக்கிட்டது. அத்தொகையைக் கேட்டு மலைத்தல் வேண்டாம். அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் லேணாவிளக்கிலும் உள்ள பிள்ளைகள் எண்ணத்தக்கவர், பெயர் அறியத்தக்கவர்.

அன்பார்ந்த மாணாக்கரே! நம்முட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் உபாத்தியாயராகப் போகின்றவர்கள். குடியுரிமையை வழங்கும் அதிகாரம் நம்மிடம் வாராது. ஆனால் வகுப்பறையின் வருகைப் பட்டியல் நம் கைக்கு வரும். அதில் எழுதிய ஒரு பெயரை எவ்வாறு அழைப்பது, அப்பெயருக்குரிய பிள்ளையை எந்த வரிசையில் அமர்த்துவது, அவன் வாராத நாளில் ஏன் வரவில்லை என்று யாரை விசாரிப்பது என்பன நம் அதிகாரத்துள் அடங்குவனவே. வரும் ஜூன் மாதத்தில் பாடசாலைகள் திறக்கும்போது முகாமினின்று வரும் பிள்ளைகளும் வாயிலில் நிற்பர். அவர்களை உள்ளே அழைத்துக்கொள்வோமாக.